அறுபது நாள் நன்றி எழுதியும் மனம் அசையவில்லை என்றால்

ஒவ்வோர் இரவும் நன்றிக்குரிய மூன்று விஷயங்களை எழுதச் சொன்ன கைபேசிச் செயலி ஒன்றைப் பின்பற்றி இரண்டு மாதம் தவறாமல் எழுதியதாகவும், பிறகு புரட்டிப் பார்த்தால் ‘குடும்பம், உடல்நலம், வேலை’ என்ற மூன்று சொற்களே பக்கத்துக்குப் பக்கம் திரும்பி வந்திருப்பதாகவும், எழுதும்போது மனத்தில் எதுவும் அசையாததால் தான் ஒரு நன்றி கெட்டவனோ என்ற ஐயம் வந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பேருந்தைத் தவறவிட்டதிலும் பால் பொங்கி வழிந்ததிலும்கூட மற்றவர்கள் ஒரு வாழ்க்கைப் பாடத்தைக் கண்டெடுக்கிறார்களே, எனக்கு ஏன் அது வருவதில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நடுவில், போகிற போக்கில், ஒரு செய்தியும் இருக்கிறது. சென்ற ஆண்டு அப்பா காலமான சில வாரங்களில் ஸ்கூட்டரின் பின்சக்கரம் காற்றிறங்கி நின்றது. ஞாயிறுதோறும் அவர்தான் காற்றடித்து வைத்திருந்தார் என்பது அன்றுதான் உங்களுக்குத் தெரிந்தது. அவர் இருந்த காலத்தில் ஒரு நாளும் அவரிடம் நன்றி என்று நீங்கள் சொன்னதில்லை. நான் புரிந்துகொண்ட அளவில், உங்கள் கேள்வி நாட்குறிப்பு எழுதும் முறையோடு நிற்கவில்லை. மற்றவர்களுக்கு இயல்பாக வரும் ஓர் உணர்ச்சி தன்னிடம் இல்லையோ என்ற அச்சம் அதன் அடியில் இருக்கிறது. அந்த அச்சத்திலிருந்து தொடங்குகிறேன். ஸ்கூட்டர் பற்றிய வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் மருத்துவ உளவியல் படித்து, இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தத் தொழிலில் இருப்பவள். அவற்றில் பதினான்கு ஆண்டுகள் ஓர் அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் கழிந்தன. கீழே நான் சொல்லப் போகிறவற்றில் சில, பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டவை. சில, ஒன்றிரண்டு ஆய்வுகளை மட்டும் நம்பியிருப்பவை. சில, என் அறைக்கு வந்தவர்களிடமும் என்னிடமும் நான் கண்டவை. எது எந்த வகை என்று ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பொருளில் இவை மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதால்தான் உங்களைப் போன்றவர்கள் வீணாகத் தங்களையே குற்றம் சாட்டிக்கொள்ள நேர்கிறது.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். இன்று நன்றி என்றால் நெஞ்சில் ஊறும் ஓர் உணர்வு என்றும், அதை வெளியே சொல்வதற்கான வார்த்தை என்றும் எண்ணிக்கொள்கிறோம். பழந்தமிழில் அது முதன்மையாக நன்மையைக் குறித்தது. ‘நன்றிக்கு வித்தாகும் நல்லொழுக்கம்’ என்று திருக்குறள் சொல்லும்போது அதன் பொருள் நன்மை என்பதுதான். ‘செய்ந்நன்றி அறிதல்’ என்ற அதிகாரத் தலைப்பிலும் நன்றி என்பது பிறர் நமக்குச் செய்த நன்மை. அது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. நம் பங்குக்கு எஞ்சியிருப்பது ‘அறிதல்’ மட்டுமே. தினையளவு உதவியையும் பனையளவாகக் கொள்பவர் யார் என்று சொல்ல வரும் குறளும் அவர்களைப் ‘பயன்தெரிவார்’ என்றே அழைக்கிறது. உள்ளம் உருகுகிறவர்கள் என்றோ, கண் கலங்குகிறவர்கள் என்றோ சொல்லவில்லை. செய்யப்பட்டதன் பயன் என்ன என்று தெரிந்தவர்கள், அவ்வளவே. இது எனக்குச் சொல்லாராய்ச்சி என்ற அளவில் மட்டும் முக்கியமானதாகப் படவில்லை. நன்றியை உணர்ச்சியாகக் கொண்டால், அது வராத நாளில் நம்மிடம் குறை இருப்பதாகத் தோன்றும். அறிதலாகக் கொண்டால், இன்னும் எதைப் பார்க்கவில்லை, யாரைக் கேட்கவில்லை என்று தேடத் தோன்றும். முதலாவது ஒரு தீர்ப்பு. இரண்டாவது செய்யத்தக்க ஒரு வேலை. அந்த வேலையைச் செய்தவர்களிடம் உணர்ச்சி பெரும்பாலும் பின்னால் வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறேன். வராமல் போனதையும் பார்த்திருக்கிறேன். வராதபோதும் அறிந்தது வீணாவதில்லை.

இனி ஆய்வுகள். நன்றிப் பட்டியல் எழுதும் வழக்கம் பரவலானதற்கு, 2003இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு பெரிய காரணம். கல்லூரி மாணவர்களில் ஒரு குழுவினர் வாரம் ஒரு முறை, பத்து வாரங்களுக்கு, நன்றிக்குரியவை என்று தோன்றியவற்றை எழுதினார்கள். இன்னொரு குழுவினர் எரிச்சலூட்டியவற்றை எழுதினார்கள். மூன்றாவது குழுவினர் தங்களைப் பாதித்த நிகழ்வுகளை எழுதினார்கள். நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மேலான மதிப்பீட்டைத் தந்தார்கள். 2005இல் மார்ட்டின் செலிக்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வில், ஒரு வார காலம் ஒவ்வோர் இரவும் நன்றாக நடந்த மூன்றையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதியவர்களிடம், ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் மாற்றம் தெரிந்தது. உங்கள் செயலி சொன்ன ‘மூன்று’ என்ற கணக்கு பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அந்த ஆய்வில் இருந்த ‘ஏன் நடந்தது’ என்ற பாதி, செயலிகளில் அடிக்கடி காணாமல் போய்விடுகிறது. அதுதான் உயிர்ப்பகுதி என்பது என் கருத்து. இன்னொன்றையும் கவனியுங்கள். அதே 2005ஆம் ஆண்டில் சோன்யா லியூபோமிர்ஸ்கியும் அவரோடு சேர்ந்தவர்களும் குறிப்பிட்ட ஓர் ஆய்வில், வாரத்துக்கு ஒரு முறை எழுதியவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது, மூன்று முறை எழுதியவர்களிடம் தெரியவில்லை. ஒற்றை ஆய்வு என்பதால் அதைச் சட்டமாகக் கொள்ள வேண்டாம். எனினும், தினமும் எழுதினால்தான் பலன் என்பதற்கு உறுதியான அடிப்படை இல்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

இவ்வளவும் நல்ல செய்தி. மற்றொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எரிச்சல்களைப் பட்டியலிட்டவர்களோடு ஒப்பிடும்போதுதான் நன்றிப் பயிற்சியின் பலன் பெரிதாகத் தெரிகிறது. வேறு ஏதேனும் உருப்படியான பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டால் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது என்பதை 2016இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைப்பதில் நன்றிப் பயிற்சிகளுக்கு உள்ள விளைவு சிறியதே என்றும், அந்தக் குறைகள் உள்ளவர்கள் வலுவான சான்றுள்ள சிகிச்சையை நாடுவதே நல்லது என்றும் 2021இல் எழுதினார்கள். என் அனுபவமும் அதுதான். ஆகவே, அறுபது நாள் எழுதியும் உங்களுக்குள் பெரிதாக எதுவும் நிகழவில்லை என்றால், அது உங்கள் குணத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. சராசரியாகவே சிறிய விளைவு தரும் ஒரு பயிற்சி, அதன் முக்கியப் பாதி நீக்கப்பட்ட வடிவில், பலன் கூடுவதற்குச் சான்றில்லாத வேகத்தில் உங்களுக்குத் தரப்பட்டிருக்கிறது.

உங்கள் மூன்று சொற்களுக்கு வருகிறேன். குடும்பம், உடல்நலம், வேலை என்பவை எல்லாம் தலைப்புகள். தலைப்புக்கு யாரும் கண் கலங்குவதில்லை. 1986இல் மார்க் வில்லியம்ஸ், கீத் பிராட்பென்ட் என்ற இருவர், தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தவர்களிடம் சில சொற்களைக் கொடுத்து, அவை தொடர்பாகக் குறிப்பிட்ட ஒரு நாள் நடந்த ஒரு நிகழ்வைச் சொல்லும்படி கேட்டார்கள். மற்றவர்கள் ‘அன்றைக்கு மாமா வீட்டுக் கிணற்றில்’ என்பதுபோல ஒரு நிகழ்வைச் சொல்ல, இவர்கள் ‘சின்ன வயதில் விடுமுறைகள் எல்லாம்’ என்பதுபோலப் பொதுப்பட்ட பதிலையே அதிகம் தந்தார்கள். அதற்குப் பின் வந்த பல ஆய்வுகளும் மனச்சோர்வில் நினைவு இப்படிப் பொதுமையாகிவிடுவதை உறுதிப்படுத்தியிருக்கின்றன. துயரம் மனத்தை ஒருவகை உயரத்துக்கு இழுத்துச் சென்றுவிடுகிறது. அங்கிருந்து பார்த்தால் ஊர் தெரியும், வாசல் தெரியாது. உங்களுக்கு மனச்சோர்வு என்று நான் சொல்லவில்லை. முகம் பார்க்காமல் அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அப்பாவை இழந்த ஓராண்டுக்குள் இருக்கும் ஒருவர், நெருங்கிப் பார்த்தால் வலிக்கும் என்பதால் தன்னை அறியாமலே தலைப்புகளோடு நின்றுவிடுவது எனக்கு வியப்பாக இல்லை.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் மேலே சொன்ன ‘அறிதல்’ எனக்கு நூல்களிலிருந்து வரவில்லை. எங்கள் புறநோயாளர் பிரிவில் ஓர் உதவியாளர் இருந்தார். சீட்டு எண்ணைக் கூப்பிட்டு ஆட்களை உள்ளே அனுப்புவது அவருடைய வேலை. பதினோரு ஆண்டுகள் அவரைத் தினமும் பார்த்தேன், வணக்கம் சொன்னேன், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஏதாவது கொடுத்தேன். அன்று யாராவது கேட்டிருந்தால், அவர்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு என்று உண்மையாகவே சொல்லியிருப்பேன். அவர் ஓய்வு பெற்ற மறுவாரத் திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குள் வரிசையில் இரண்டு சண்டைகள் வந்தன. வயதான பெண்மணி ஒருவர் பசியில் மயங்கி விழுந்தார். அந்த வாரம் முழுவதும் ஏன் இப்படி நடக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்தபோதுதான் தெரிந்தது: மலையடிவார ஊர்களிலிருந்து முதல் பேருந்தில் வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வருவார்கள் என்பதால், அவர்களை ஒரு பக்கமாக உட்காரவைத்து, மற்றவர்களிடம் சொல்லி ஒப்புக்கொள்ளவைத்து, முன்னால் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். கத்தக்கூடிய நோயாளியை எண் சொல்லி அழைக்காமல், அவர் அருகில் போய் மெதுவாகச் சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார். மாத்திரை வாங்கும் இடத்தில் குழப்பம் வராதிருக்க, படிக்கத் தெரியாதவர்களின் சீட்டில் பென்சிலால் ஒரு குறி போட்டு அனுப்பியிருக்கிறார். பதினோரு ஆண்டுகளாக என் அறை அமைதியாக இருந்ததற்கு என் திறமை காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். நன்றி என்ற சொல்லைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் கூச்சப்பட்டிருப்பார். அவர் இல்லாத வாரத்தில் என்னென்ன நடந்தது, அவற்றிலிருந்து எதையெதை நான் தெரிந்துகொண்டேன் என்று வரிசையாகச் சொன்னேன். “அந்தப் பென்சில் குறி உங்களுக்கு எப்படி மேடம் தெரிஞ்சுது?” என்று கேட்டார். அவர் முகத்தில் அன்று கண்ட மலர்ச்சியை, பொன்னாடை போர்த்திய வழியனுப்பு விழாவில் நான் காணவில்லை. ஒரு மனிதர் செய்ததை இன்னொருவர் சரியாகத் தெரிந்துகொண்டார் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. எனக்கும் அன்றுதான், என் மரியாதை பதினோரு ஆண்டுகளாக ஒரு தலைப்பாக மட்டுமே இருந்தது என்பது புரிந்தது.

ஒன்று இல்லாமல் போன பிறகுதான் அதன் பயன் தெரிகிறது என்பது தமிழில் எல்லோரும் சொல்லும் வாக்கு. அதற்கு ஆய்வு வழியிலும் ஓரளவு துணை இருக்கிறது. 2008இல் மின்கியோங் கூ என்பவரும் டேனியல் கில்பர்ட் உள்ளிட்ட வேறு சிலரும், தங்கள் துணையை எப்படிச் சந்தித்தோம் என்று எழுதியவர்களையும், சந்திக்காமலே போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எழுதியவர்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டாவது குழுவினரிடம்தான் உறவைப் பற்றிய நிறைவு கூடியிருந்தது. பழகிப்போன நன்மையை மனம் சுவர்போலப் பாவிக்கிறது. சுவரை ஒரு கணம் மனத்தால் அகற்றிப் பார்த்தால்தான் அது எதைத் தாங்கியது என்று தெரிகிறது. இதன் தொடர்பில், லாட்டரியில் வென்றவர்களும் விபத்தில் உடல் செயலிழந்தவர்களும் கடைசியில் ஒரே அளவு மகிழ்ச்சியோடு இருந்தார்கள் என்று ஓர் ஆய்வைச் சுட்டிப் பலர் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். 1978இல் வந்த அந்த ஆய்வில் வென்றவர்கள் 22 பேர், விபத்துக்குள்ளானவர்கள் 29 பேர் மட்டுமே. விபத்துக்குள்ளானவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த மகிழ்ச்சியோடுதான் இருந்தார்கள். பொதுவாக நம்பப்படும் அளவுக்குக் குறைந்துவிடவில்லை என்பதே அதன் செய்தி. வென்றவர்கள் நண்பரோடு பேசுவது, காலை உணவு உண்பது போன்ற அன்றாடச் செயல்களில் மற்றவர்களைவிடக் குறைவான இன்பமே கண்டார்கள் என்பது அதில் எனக்கு முக்கியமாகப் படும் பகுதி. துன்பம் பெரிய விஷயமே இல்லை என்று நிறுவ அந்த ஆய்வைப் பயன்படுத்துவது தவறு.

அப்பாவிடம் ஒரு நாளும் நன்றி சொல்லவில்லை என்று வருந்துகிறீர்கள். நம் வீடுகளில் யார்தான் சொல்கிறார்கள்? சோறு போட்ட அம்மாவிடம் நன்றி என்றால், “என்னடா இது, மூணாம் மனுஷங்ககிட்ட பேசற மாதிரி?” என்பார். மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1985இல் தென்னிந்தியாவில் நன்றி வெளிப்படும் விதத்தைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். வாய்ச்சொல்லாக நேரே நன்றி சொல்வது இங்கே எளிதான வழக்கமாக இல்லை என்பதையும், மறுசெயலிலும் நடந்துகொள்ளும் முறையிலும் அது வெளிப்படுகிறது என்பதையும் அதில் எடுத்துக்காட்டினார். இன்னொரு கை சோறு கேட்டு வாங்குவது, அவர் வரும்வரை சாப்பிடாமல் காத்திருப்பது, ஊருக்குப் போனால் அவருக்குப் பிடித்த மிக்சர் பொட்டலத்தை வாங்கிவருவது ஆகியவை நம் இலக்கணத்தில் நன்றிச் சொற்கள். உங்கள் அப்பாவிடம் அந்தச் சொல்லை நீங்கள் சொல்லவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். எதுவுமே சொல்லவில்லை என்பது பெரும்பாலும் உண்மையாக இராது. வெளிநாட்டில் உருவான பயிற்சிகளை அப்படியே இங்கே இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் சிறு சான்று உண்டு. 2017இல் அமெரிக்கர்களையும் இந்தியர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வில், நன்றியை எழுதிய இந்தியர்களிடம் மகிழ்ச்சியோடு வருத்தமும் குற்ற உணர்வும் கூடியிருந்தன. இது மேலும் பல ஆய்வுகளில் உறுதிப்பட வேண்டிய முடிவுதான். எனினும் ‘நன்றிக்கடன்’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது புதிராகத் தோன்றவில்லை. கடன் என்று நினைத்தவுடன் வட்டியும் தவணையும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. உதவியவர் கைம்மாறு எதிர்பார்க்கிறார் என்று தெரிந்தால், உதவி பெற்றவரிடம் கடன்பட்ட உணர்வு கூடி நன்றியுணர்வு குறைகிறது என்பதைத் தனியான ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

இந்தக் கடன் கணக்கு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை என் அறையில் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். படிக்கவைத்த சித்தப்பாவின் சொல்லை மீற முடியாமல், தான் விரும்பாத திருமணத்துக்குத் தலையசைத்த பெண். வேலை வாங்கிக்கொடுத்த முதலாளியிடம் இரண்டு ஆண்டுகளாகச் சம்பள உயர்வு கேட்க வாய் வராத இளைஞர். ‘உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு’ என்ற வரியைச் சொல்லிச் சொல்லியே பெற்றவர்களால் வளர்க்கப்பட்டு, நாற்பது வயதிலும் தனக்கென ஒரு வீடு பார்க்க அஞ்சிய மகன். அந்தக் குறளில் வரும் ‘மகன்’ என்ற சொல் பெற்ற பிள்ளையைக் குறிப்பதன்று. பழந்தமிழில் அது பொதுவாக ஒரு மனிதனைக் குறிக்கும். அதைவிட முக்கியமானது, அந்த அதிகாரம் உதவி பெற்றவரை நோக்கிப் பேசுகிறது என்பது. உதவி செய்தவர் கையில் எடுத்து வீசுவதற்காக அது எழுதப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நன்றியை இன்னொருவர் உங்களிடம் கோரும்போது, அதுவும் உங்களைவிட வலிமை உள்ளவர் கோரும்போது, அது பெரும்பாலும் கீழ்ப்படிதலுக்கு இடப்பட்ட வேறு பெயர். ஒருவர் செய்ததை முழுமையாக அறிந்துகொண்டே, அவர் கேட்பதற்கு மறுப்பும் சொல்லலாம். இவை இரண்டும் ஒரே மனத்தில் இருக்க முடியும் என்று ஒருவருக்குப் புரியவைக்க எனக்குச் சில வேளைகளில் ஆறு மாதம் ஆகியிருக்கிறது.

நன்றி நீதிக்கு மாற்றாகிவிடக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நாடு முழுவதும் மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டினார்கள். அன்று மருத்துவமனையில் பணியில் இருந்த நான் அந்த ஓசையைக் கேட்டேன். அதில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எங்கள் கூடங்களைத் துடைத்த ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் சம்பளம் அந்த ஓசையால் ஒரு ரூபாயும் கூடவில்லை. ஒருவர் செய்வதை உண்மையாக அறிந்தவர், அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் அறிய முற்படுவார். காலையில் வாசலுக்கு வரும் பால் பாக்கெட்டை வைத்து ஒரு நாள் இதைச் செய்து பார்த்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் பாலின் கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் அளந்துதான் கறந்தவருக்கு விலை போடுகிறார்கள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு, கொள்முதல் விலை கேட்டு உற்பத்தியாளர்கள் போராடும் செய்தி எனக்கு யாரோ ஒருவரின் செய்தியாக இல்லை.

வாழ்க்கைப் பாடங்கள் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்கு, முதலாவதைவிடக் குறைவாகவே சொல்ல இருக்கிறது. தமிழில் பட்டறிவு என்ற அருமையான சொல் இருக்கிறது, பட்டு அறிவது. இதிலும் அறிதல்தான் மையம் என்பதைக் கவனித்தீர்களா? ஆனால் படுவதெல்லாம் அறிவாக மாறிவிடுவதில்லை. துன்பத்துக்குப் பிறகு மனிதர்கள் தாங்கள் வளர்ந்திருப்பதாகச் சொல்வது உண்மை. அதை அளக்கும் கேள்விப் பட்டியல்கள்கூட 1996 முதல் இருக்கின்றன. ஆனால் 2009இல் வந்த ஓர் ஆய்வு, துயர நிகழ்வுக்கு முன்பே அளந்து வைத்திருந்தவர்களை நிகழ்வுக்குப் பிறகும் அளந்து பார்த்தபோது, ‘நான் வளர்ந்திருக்கிறேன்’ என்று அவர்கள் சொன்ன அளவுக்கும் உண்மையில் ஏற்பட்ட மாற்றத்துக்கும் பெரும்பாலும் தொடர்பு காணப்படவில்லை. பாடம் கிடைத்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வது, வலியைத் தாங்குவதற்கு மனம் செய்யும் ஒரு வேலையாகவும் இருக்கலாம். அந்த ஆறுதலை யாரிடமிருந்தும் பறிக்க மாட்டேன். ஆனால் அடுத்தவருக்கு அதை நீட்டுவது வேறு. கணவரை இழந்து பதினாறாம் நாள் காரியம்கூட முடியாத ஒரு பெண்மணியிடம், உறவினர் ஒருவர் ‘எல்லாம் நன்மைக்கே’ என்று சொல்லியிருந்தார். அந்தப் பெண்மணி என்னிடம் வந்தது இரண்டு ஆண்டுகள் கழித்து. அப்போதும் முதலில் பேசியது அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். ஆகவே, பேருந்தைத் தவறவிட்டதில் உங்களுக்குப் பாடம் எதுவும் தோன்றவில்லை என்றால், பேருந்து போய்விட்டது என்பதோடு அதை விட்டுவிடலாம்.

பாடம் என்று நான் துணிந்து சொல்லக்கூடியது, அடுத்த முறை நான் செய்யும் ஏதோ ஒன்றை மாற்றக்கூடியதை மட்டும்தான். இதற்கு நல்ல சான்று இருக்கிறது. விமானப் பணி, இராணுவம், அறுவைச் சிகிச்சை அரங்கு போன்ற இடங்களில் வேலை முடிந்ததும் உட்கார்ந்து, என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்த முறை என்ன செய்வோம் என்று பேசும் வழக்கம் உண்டு. அத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வந்த கட்டுரை, அப்படிப் பேசியவர்களின் செயல்திறன் சராசரியாக ஏறத்தாழ 25 சதவீதம் மேம்பட்டதாகக் கணித்தது. அங்கே யாரும் ‘வாழ்க்கை ஒரு பயணம்’ என்று எழுதுவதில்லை. கருவியை எந்தக் கையில் கொடுத்தோம் என்று பேசுகிறார்கள். என் குறிப்பேட்டிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாள் ஒரு தாய் தன் மகனின் கையெழுத்தைப் பற்றி நீளமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, நேரமாகிறது என்று இடைமறித்து, அவனுடைய தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் பதில் சொல்லிவிட்டுப் போனார், மறுமுறை வரவில்லை. ‘பொறுமை வேண்டும்’ என்று அன்று எழுதியிருந்தால் அது எனக்கு ஒரு பயனும் தந்திருக்காது. ‘ஒருவர் சிறியதாகத் தோன்றும் ஒன்றைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினால், அது ஏன் முக்கியம் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கேள்வி’ என்று எழுதினேன். பதினைந்து ஆண்டுகளாக அதைக் கடைப்பிடிக்கிறேன்.

நீங்கள் மீண்டும் எழுத விரும்பினால், என் ஆலோசனை இது. இதில் ஆய்வும் என் பழக்கமும் கலந்திருக்கின்றன. தினமும் வேண்டாம், வாரத்தில் ஒரு நாள் போதும். மூன்றும் வேண்டாம், ஒன்று போதும். அந்த ஒன்றில் ஓர் ஆள் இருக்கட்டும், அவர் செய்த செயல் வினைச்சொல்லாக இருக்கட்டும், அதற்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பது தெரிந்தால் அதுவும் இருக்கட்டும். ‘அம்மாவுக்கு நன்றி’ என்று எழுதுவதற்குப் பதிலாக, ‘நான் ஒன்பதரைக்கு வருவேன் என்று அம்மா தோசைக்கல்லை மறுபடி அடுப்பில் வைத்தார், அதற்காகத் தொடரைப் பாதியில் விட்டார்’ என்று எழுதலாம். எழுதுவதற்கு ஒன்றும் இல்லாத வாரத்தில் பக்கத்தை வெறுமையாக விடுங்கள். கோபம்தான் இருக்கிறது என்றால் கோபத்தை எழுதுங்கள். அதை நன்றியாகத் திரித்து எழுத வேண்டாம். முடிந்தால், எப்போதாவது ஒரு முறை, எழுதியதை அந்த ஆளிடமே சொல்லுங்கள். இப்படிச் சொன்னால் எதிராளிக்குச் சங்கடமாக இருக்கும் என்று நாம் மிகையாக அஞ்சுகிறோம், அவர் அடையும் மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிடுகிறோம் என்பதை 2018இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இருவர் ஆய்ந்து காட்டியிருக்கிறார்கள். எங்கள் உதவியாளர் வீட்டுப் படியேறும்போது எனக்கிருந்த தயக்கத்தை நினைத்தால் அது சரியென்றே படுகிறது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். பிடித்த உணவும் ருசிக்கவில்லை, பிடித்தவர்கள் வந்தாலும் அசைவில்லை, தூக்கமோ பசியோ மாறிவிட்டது, விடிவதே பாரமாக இருக்கிறது என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் நீடித்தால், எழுத்துப் பயிற்சிகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். எதையும் உணர முடியாமை மனச்சோர்வு நோயின் அறிகுறிகளில் ஒன்று. அதை நன்றியின்மை என்று எண்ணி, தன்னைத்தானே தண்டித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கும். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

இனி அந்த ஸ்கூட்டர். அறுபது நாள் நீங்கள் எழுதிய பக்கங்களை நான் பார்த்ததில்லை, ஆனால் உங்கள் கேள்வியில் நடுவில் வந்த அந்த வரியைப் பார்த்தேன். அதில் ஆள் இருக்கிறார், கிழமை இருக்கிறது, எந்தச் சக்கரம் என்பதுகூட இருக்கிறது. யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல், ஆண்டுக்கணக்கில் ஒருவர் செய்துவந்த ஒன்றை நீங்கள் அறிந்திருக்கிறீர்கள். நன்றி தன்னிடம் இல்லை என்று வருந்துகிற ஒருவர் எழுதிய வரியாக என்னால் அதைப் படிக்க முடியவில்லை. அவர் வழக்கமாகக் காற்றடித்தது பெட்ரோல் பங்க்கிலா, தெருமுனைப் பஞ்சர் கடையிலா என்று அம்மாவைக் கேளுங்கள். தெரிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை அங்கேயே கொண்டுபோங்கள். அங்கிருப்பவருக்கு உங்கள் அப்பாவை நினைவிருக்கக்கூடும். எத்தனை மணிக்கு வருவார், எவ்வளவு காற்று வைக்கச் சொல்வார், நிற்கும் நேரத்தில் என்ன பேசுவார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வதை வீட்டுக்கு வந்ததும் அவருடைய பேச்சிலேயே எழுதிவையுங்கள், அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.